காலை ஐந்து மணிக்கு எழ முடியாதவர்கள் எப்படி ஜெபிப்பது? ஆறு வழிகள், எது யாருக்கு

வேதம் வாசிக்க ஆசை இருக்கிறது, ஜெபிக்கவும் ஆசை இருக்கிறது, ஆனால் எதைத் தொடங்கினாலும் மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறது, எந்த முறையைத்தான் பிடிப்பது என்று கேட்கிறவர்கள் நிறைய பேர். இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுப்பவர்கள், பாடகர் குழுவில் இருப்பவர்கள், கன்வென்ஷன் தவறாமல் போகிறவர்கள். இவர்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அதிகாலையில் எழுந்து ஜெபியுங்கள். இயேசு இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35ல் இருப்பது உண்மை. அதே மாற்குவின் ஆறாம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்து அனுப்பிவிட்டுப் பொழுது சாயும் வேளையில் ஜெபிக்க மலைக்குப் போகிறார். லூக்கா 6:12ல் இரவு முழுக்க ஜெபிக்கிறார். தானியேலுக்கு மூன்று வேளை. ஆக, நேரம் ஒரு சட்டம் இல்லை. உங்கள் நாளுக்கு எது பொருந்தும் என்று தைரியமாக யோசிக்கலாம்.

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். "கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே ஆவியின் கனி என்னவென்றும் சொல்லிவிடுகிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இந்த ஒன்பதில் பாதிக்கு மேல் தனி அறையில் உட்கார்ந்து சரிபார்க்க முடியாதவை. நீடியபொறுமை இருக்கிறதா என்று தெரிய, பக்கத்தில் பொறுமையைச் சோதிக்கிற ஒருவராவது இருக்க வேண்டும். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை உயர்ந்தது என்று தேடாதீர்கள். உங்களைத் தடுப்பது எது என்று பார்த்து அதற்கேற்ற வழியை எடுங்கள், கூடவே அந்த வழிக்கு உங்கள் வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், மோசமான நாளில் அது நிற்குமா. நல்ல நாளில் எல்லா முறையும் நடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், ரயில் தாமதம், மாதக் கடைசி, மாமியார் ஆஸ்பத்திரியில், அப்படி ஒரு நாளிலும் பாதியாவது செய்ய முடிகிற முறைதான் ஒரு வருடம் தாண்டும்.

இரண்டாவது, விட்டுப்போனால் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம். சில முறைகளில் ஐந்து நாள் விட்டால் ஐந்து நாள் கடன் ஏறிவிடும். சிலவற்றில் இன்றைக்கு உட்கார்ந்தால் போதும்.

மூன்றாவது, அது எதை வளர்க்கிறது. வேத அறிவு ஒன்று, கவனம் இன்னொன்று, மனச்சாட்சி வேறொன்று, மற்றவர்களோடு சேர்ந்து வாழும் பழக்கம் இன்னும் வேறு. எல்லாவற்றையும் ஒரே முறை தராது. உங்களிடம் எது குறைகிறதோ அதுதான் தேவை. பிடித்ததையே மேலும் மேலும் செய்வது பெரும்பாலும் வளர்ச்சி ஆகாது.

நான்காவதுதான் நம் சபைகளில் பேசப்படாதது. காலை ஐந்தரை மணி, ஹாலில் கணவர் வேதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சமையலறையில் மனைவி, ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் குக்கர், நடுவில் மூன்று டிபன் டப்பாவுக்கு மூடி தேடுகிறார். "அப்பா ஜெபம் பண்றாங்க, சத்தம் போடாதே" என்று பிள்ளையை அடக்குவதும் அவரேதான். கணவரின் அரைமணி நேரத்தை உண்டாக்கிக் கொடுப்பது மனைவியின் கை, ஆனால் அந்த மனைவிக்கு அரைமணி நேரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, ஞாயிறு பிரசங்கத்தில் மட்டும் "தாய்மார்களே, வேதம் வாசிக்கிறீர்களா" என்ற கேள்வி வந்துவிடும். இது உண்மையான விலை. தேர்வு செய்யும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

## 1. ஒரு வருடத்தில் முழு வேதம்

புராட்டஸ்டன்ட் வீடுகளில் ஜனவரி 1 அன்று அதிகம் தொடங்கப்படுவது இதுதான். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றே கால் அதிகாரம் வருகிறது. நிதானமாகத் தமிழில் வாசித்தால் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளலாம், எண்ணாகமம் போன்ற இடங்களில் கொஞ்சம் கூடவே ஆகும்.

இதன் பலம் பெரியது. முழு வேதமும் ஒரு தடவையாவது கண்ணில் படாதவர், யாரோ பிடுங்கிக் கொடுக்கிற ஒற்றை வசனங்களை நம்பியே வாழ வேண்டியிருக்கும். எரேமியா 29:11ஐப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையாக வாங்கிச் சுவரில் ஒட்டுகிறோம். அதற்கு முந்தைய வசனத்திலேயே பாபிலோனில் எழுபது வருடம் என்று இருப்பது, வரிசையாக வாசிப்பவருக்குத்தான் தெரியும்.

பலவீனம் இரண்டாவது அளவுகோலில். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வந்து நிற்கும். அங்கே பலி விதிகளின் நடுவே ஐந்து நாள் விட்டுப்போனால் பதினாறு அதிகாரம் பாக்கி. அதை ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து ஓட்டி முடிப்பவர்கள் உண்டு, ஆனால் அதில் மனதில் என்ன நிற்கும்?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842ல் தன் சபைக்கு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறை, நாளுக்கு நாலு அதிகாரம். இன்றும் பலர் பின்பற்றுவது அதைத்தான். அட்டவணையைக் கொடுத்தபோதே அதன் ஆபத்துகளையும் அவரே எழுதினார்: சடங்காகிவிடலாம், நான் முடித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அட்டவணை போட்டவரே சொன்ன எச்சரிக்கையை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

யாருக்கு நல்லது: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், வேதத்தைத் துண்டு துண்டாக மட்டுமே அறிந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால் தேதி இல்லாத பட்டியலை எடுங்கள், முடிக்க இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. வேலைக்குப் போகும் ரயிலில் ஆடியோவாகக் கேட்பதும் வாசிப்புதான். முதல் நூற்றாண்டுச் சபைகளில் பெரும்பாலோர் காதால் கேட்டுத்தான் வேதத்தை அறிந்தார்கள்.

## 2. சில வசனங்களை மெதுவாக

பத்து வசனம் எடுத்து, வாய்விட்டு இரண்டு மூன்று தடவை வாசித்து, மனதைப் பிடிக்கிற வார்த்தையில் நின்று, அதையே ஜெபமாக்கி, கடைசியில் சும்மா இருப்பது. மடாலயங்களில் வளர்ந்த பழக்கம் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற பிரெஞ்சுத் துறவி இதை வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படிகளாக எழுதி வைத்தார். கத்தோலிக்கர்களுக்குப் பழகியது, மற்றவர்களுக்கும் இதில் தயங்க ஒன்றும் இல்லை.

கைப்பேசி நம் கவனத்தைக் கெடுத்திருக்கிற இந்தக் காலத்தில் இது நல்ல மருந்து. அதற்காகவே அச்சடித்த வேதத்தில் செய்யுங்கள், ஏனென்றால் ஆப்பைத் திறந்தால் மேலே வாட்ஸ்ஆப் அறிவிப்பு வரும், அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது.

மறைவான விலை ஒன்று உண்டு. மனதைத் தொடுகிற வார்த்தையிலேயே எப்போதும் நின்றால், நமக்குப் பிடித்ததை மட்டும் தேவன் பேசுவதாக எடுத்துக்கொள்வோம். ஆகவே பிடித்த பகுதிகளைத் தேடித் தாவாமல் ஒரு சுவிசேஷத்தை வரிசையாக எடுங்கள். மாற்கு 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனம் என்றால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

வருடக்கணக்காக வாசித்துத் தள்ளி, எதுவும் உள்ளே இறங்கவில்லை என்று உணர்கிறவர்களுக்கு இதுதான். ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்தில் செய்யாதீர்கள், மூன்றாம் வசனத்தில் தலை சாய்ந்துவிடும்.

## 3. இரவில் நாளைத் திரும்பிப் பார்ப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு இருப்பதிலேயே நடைமுறையானது இது என்று நினைக்கிறேன், புராட்டஸ்டன்ட் சபைகளில் அநேகமாக யாரும் கற்றுக்கொடுப்பதும் இல்லை.

லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த ஆன்ம சோதனை. வீரமாமுனிவரும் ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தரும் இவர் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்தவர்கள்தான், ஆகவே தமிழ் மண்ணுக்கு இது அந்நியமானது கிடையாது. ஐந்து படி: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தைக் காண வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து மணிமணியாக நாளைப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். முடிவில் பரமண்டல ஜெபம். பத்து நிமிடம் போதும்.

"மணிமணியாக" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "கர்த்தாவே, இன்று செய்த பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதுவும் வெளியே வராது. பத்தரை மணி மீட்டிங்கில் ஜூனியர் ராத்திரி உட்கார்ந்து செய்த வேலையை மேலாளரிடம் "நான் முடித்துவிட்டேன்" என்று சொன்னது, அப்போது அந்தப் பையன் தலை குனிந்தது, மதியம் அவனோடு சாப்பிட உட்காராமல் நீங்கள் வேறு மேசைக்குப் போனது, அது ஏன் என்று இப்போதுதான் புரிவது. அங்கே மன்னிப்பு கேட்டால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்: அவன் பெயரைச் சொல்லி ஒரு மின்னஞ்சல்.

நன்றி முதலில் வருவதும் காரணத்தோடுதான். அதை விட்டுவிட்டு நேராகத் தவறுகளுக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் சோர்ந்துவிடுவார்கள். மறைவான விலையும் அங்கேதான் இருக்கிறது: ஏற்கெனவே தன்னைத் தானே ஓயாமல் குற்றப்படுத்துகிற சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஆகாது, செய்தால் நன்றியும் இரக்கமும் மட்டும் வைத்துச் செய்யட்டும், அதையும் ஒரு மூத்த விசுவாசியிடமோ குருவிடமோ சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

மற்ற அளவுகோல்களில் இது நன்றாக நிற்கிறது. புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், விட்டுப்போனால் கடன் ஏறாது, வீட்டில் யாருடைய உழைப்பையும் கேட்காது. பாத்திரம் கழுவிக்கொண்டேகூட நாளைப் பார்க்க முடியும். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இரவு என்றால் அவர்கள் படுக்கப் போகும் நேரம், அது காலை எட்டு மணியாக இருந்தாலும் சரி. இரவுப் பணி செய்கிற செவிலியர்கள் 134ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றே வசனம், இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்கான பாட்டு அது.

## 4. குடும்ப ஜெபம்

ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்பாவின் ஜெபம், பரமண்டல ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை. நம்மில் பலர் விசுவாசத்தைக் கற்றது இங்கேதான். வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற தலைமுறை இதில் உருவானது. அடுத்த தலைமுறைக்குப் போகும் வழிகளில் இதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் இன்று ஏழரை மணிக்கு ஒரு பிள்ளை டியூஷனில், ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தில், அப்பா இன்னும் பேருந்தில். எல்லோரும் கூடுகிற நேரம் ஒன்பதரை என்றால், அந்த நேரத்தில் இருபத்தைந்து நிமிட ஜெபம் பிள்ளைகளுக்குத் தண்டனையாக மாறிவிடும். ஜெபத்துக்குள்ளேயே "இவன் ஒழுங்காகப் படிக்கும்படி செய்யும் ஆண்டவரே" என்று பிள்ளையைத் திட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது பிள்ளையை ஜெபத்தைவிட்டே விரட்டும். ஏழு நிமிடம் போதும். ஒரு பாட்டில் இரண்டு சரணம், ஒரு சிறு பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழில் திக்கித் திக்கி வாசித்தால் காத்திருங்கள், திருத்தாதீர்கள்.

வீட்டில் மற்றவர்கள் வேறு மதத்தவராக இருந்தாலோ, கணவனோ மனைவியோ விருப்பம் இல்லாமல் இருந்தாலோ இதை வற்புறுத்த வேண்டாம். அந்த வீட்டில் மூன்றாவது வழியும் ஆறாவது வழியும் பொருந்தும்.

## 5. சிறு குழு

வீட்டு ஜெபக் கூட்டம், செல் குரூப், அன்பியம் என்று பெயர் எதுவானாலும், ஒருவர் பிரசங்கிக்க இருபது பேர் கேட்டால் அது இன்னொரு ஆராதனை. நான் சொல்வது மூன்று நான்கு பேர், வாரம் ஒரு மணி நேரம், ஒருவரை ஒருவர் உண்மையாக விசாரிப்பது.

இது நமக்கு வந்த வழியையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியில் ஸ்பேனர் என்ற போதகர் 1670ல் பிராங்க்பர்ட்டில் வீட்டுக் கூட்டங்களைத் தொடங்கினார், அந்த எழுப்புதல் ஹாலே நகரில் வேர் பிடித்தது, அந்த வட்டத்திலிருந்துதான் மிஷனரி சீகன்பால்க் 1706ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அடுத்து இங்கிலாந்தில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை. 1742ல் பிரிஸ்டலில் பிரசங்கக் கூடத்தின் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் அங்கே சண்டையையும் குடியையும் கண்ணால் பார்த்தார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது அப்படித்தான். பிரசங்கத்தால் எட்டாத இடத்தை வீட்டு வாசல் எட்டியது.

தனியாகச் செய்கிற முறைகளில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். இங்கே முடியாது, "போன வாரம் அண்ணனுக்கு போன் பண்ணிப் பேசறேன்னு சொன்னீங்களே, பேசினீங்களா" என்று ஒருவர் கேட்பார். இங்கே மறைவான விலை, ரகசியம் வெளியே போய்விடுவது. மகள் வாழாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று புதன்கிழமை அழுதுகொண்டு சொன்னது, ஞாயிற்றுக்கிழமை "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் சபை முழுக்கப் போய்விட்டால் அந்தத் தாய் வாழ்நாளில் இன்னொரு முறை வாய் திறக்க மாட்டார். முதல் நாளே பேசிவிடுங்கள்: இங்கே கேட்டது போதகரிடம்கூடப் போகாது. ஆபத்தான நிலைமை என்றால் மட்டும், அதுவும் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட்டு. இன்னொரு விலை டீ, வடை. கூட்டம் நடக்கும் வீட்டுப் பெண்மணி பாதி நேரம் அடுப்படியில் நின்றால், அந்தக் குழு அவருக்கு இல்லை. தண்ணீர் போதும்.

## 6. வேலையின் நடுவே

பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்ற கார்மேல் துறவி மடத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டே தேவசந்நிதியில் இருக்கப் பழகினார். கொஞ்சமும் தனி நேரம் இல்லாதவர்களுக்கு, படுக்கையில் கிடக்கிற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, முழுநாள் வண்டி ஓட்டுபவர்களுக்கு, இதுதான் வழி. "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரனின் ஜெபத்தை ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லலாம். எளிதாகத் தெரிந்தாலும் பிடிபட நாளாகும், லாரன்ஸே ஆரம்பத்தில் பல வருடம் தவித்ததாக எழுதியிருக்கிறார். நேரம் இருக்கிறவர்கள் இதைச் சொல்லி மற்றவற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது.

## உங்களைத் தடுப்பது எது?

| தடை | முதலில் எடுங்கள் | இப்போதைக்குத் தவிருங்கள் |
|---|---|---|
| நேரமே இல்லை, கைக்குழந்தை, நோயாளி | வேலையின் நடுவே ஜெபம், வாரம் ஒருமுறை துணைக்கு ஒருவர் | ஆண்டு அட்டவணை |
| கைப்பேசி, சிதறும் மனம் | மெதுவான வாசிப்பு, அச்சு வேதத்தில் | ஆப்பில் வாசிப்பு |
| வேதம் சரியாகத் தெரியாது | தொடர் வாசிப்பு, தேதி இல்லாமல் | மனம்போன பகுதி |
| எல்லாம் செய்கிறேன், கோபம் மட்டும் குறையவில்லை | இரவுச் சோதனையும் சிறு குழுவும் | இன்னும் நீண்ட ஜெபம் |
| குற்ற உணர்வு | சங்கீதங்கள், குடும்ப ஜெபம் | தனியாக ஆன்ம சோதனை |
| ஷிஃப்ட் வேலை | படுக்குமுன் பத்து நிமிடம் | காலை நேரக் கட்டாயம் |

பட்டியலில் சேர்க்காத ஒன்று வறட்சி. ஜெபம் வரவில்லை, எதிலும் ருசி இல்லை என்பது எல்லாப் பரிசுத்தவான்களுக்கும் வந்ததுதான், அப்போது சொந்த வார்த்தைகளைத் தேடாமல் சங்கீதத்தின் வார்த்தைகளைக் கடன் வாங்கிச் சொல்லிக்கொண்டே போங்கள். ஆனால் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அதை ஜெபக்குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.

## எதை விடுவது

புதிதாக ஒன்றைச் சேர்க்க இடம் வேண்டும். செவ்வாய் பெண்கள் ஐக்கியம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடல் பயிற்சி, ஞாயிறு இரண்டு ஆராதனை என்று ஓடுகிற ஒருவருக்கு ஆவிக்குரிய வாழ்க்கையின் பெரிய தடை உலகம் அல்ல, சபை நாட்காட்டி. அவற்றில் ஒன்றை விடுங்கள், போதகரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டே விடுங்கள், நல்ல போதகர் புரிந்துகொள்வார். அந்த மாலையை வீட்டில் சமையலைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தினாலும் அது ஜெபத்துக்கு இடம் உண்டாக்குவதுதான், உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் மனைவிக்கு.

சோதித்துப் பார்க்க லெந்து காலம் வசதியானது, ஞாயிறுகளைக் கழித்தால் சரியாக நாற்பது நாள். ஒரே ஒரு வழியை எடுங்கள், இரண்டு வேண்டாம். நாற்பது நாள் முடிந்ததும் உங்களோடு வாழ்கிற ஒருவரிடம், அல்லது உங்கள் கீழ் வேலை செய்கிற ஒருவரிடம், என்னோடு இருப்பது முன்னைவிடச் சுலபமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், மேலே உள்ள அட்டவணையில் உங்கள் தடை எது என்பதை மறுபடி பார்த்து, அடுத்த வழிக்கு மாறுங்கள்.